சக்தி நுண்செயலிப் பலகையில் துவக்க ஏற்றி

துவக்க ஏற்றி என்பது, கணினிக்கு மின்சாரம் வந்தவுடன் முதலில் இயங்கும் சிறு நிரல் ஆகும். பொதுவழக்கில் இது பூட்லோடர் எனப்படுகிறது. வன்பொருளை ஆயத்தம் செய்வது, இயக்க முறைமையைச் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்துக்கு ஏற்றுவது, பிறகு கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் இதன் பணிகள். மேசைக் கணினியில் இவ்வேலையைப் பயனர் கவனிப்பதே இல்லை. மின் அளவி, வழிச்செலுத்தி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றினுள் இருக்கும் உட்பொதி பலகைகளில், துவக்க ஏற்றியைப் பலகையை உருவாக்குபவரே தேர்ந்து நிறுவ வேண்டும். அது பழுதானால் பலகை எதையும் தொடங்காது.

துவக்க ஏற்றியின் தேவை

மின்சாரம் வந்த கணத்தில் செயலிக்குத் தெரிந்தது ஒரே ஒரு நினைவக முகவரி மட்டுமே. அங்கே உள்ள கட்டளையிலிருந்து அது வேலையைத் தொடங்கும். முதன்மை நினைவகம் அப்போது வெறுமையாக இருக்கும். கோப்பு என்றால் என்ன, வட்டு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் செயலிக்குத் தெரியாது. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் காவலர் வாயிற்கதவைத் திறக்கிறார். அலுவலர் வந்து வகுப்பறைச் சாவிகளைக் கொடுக்கிறார். அதன்பின் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குகிறார். கணினியும் இவ்வாறே படிப்படியாகத் துவங்குகிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையானதை மட்டும் செய்துவிட்டு விலகிக்கொள்கிறது.

சக்தி நுண்செயலி

இம்முறையைத் தமிழக மாணவர்கள் முழுமையாகக் கற்க ஏற்ற எடுத்துக்காட்டு, சென்னை ஐஐடியில் உருவான 'சக்தி' ஆகும். பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014 இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010 இல் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியே இதன் அடிப்படை. சக்தி வகைச் சில்லுகள் 2018 இல் உருவாக்கப்பட்டு, அவற்றில் லினக்ஸ் இயக்கிக் காட்டப்பட்டது. 2020 இல் 'மௌஷிக்' என்னும் சில்லு வெளிவந்தது. ஐஐடி வளாகத்தை அடுத்துத் தரமணியில் அமைந்துள்ள ஐஐடி ஆய்வுப் பூங்காவும் அதைச் சார்ந்த தொழில்முனைவுச் சூழலும் இவ்வகை வடிவமைப்பு ஆய்வகத்திலிருந்து சந்தைக்குச் செல்ல வழியமைத்தன. ஐஐடியில் வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024 இல் 28 நானோமீட்டர் அளவிலான கட்டுப்படுத்திச் சில்லு ஒன்றை அறிவித்தது.

சக்தி சில்லு கையில் இல்லாதவர்களும் இதைப் பயிலலாம். 'ஆர்ட்டி ஏ7' என்னும் பயிற்சிப் பலகையில் எஃப்பிஜிஏ என்னும் சில்லு உள்ளது. அதன் உட்சுற்றைப் பயனரே மாற்றி அமைக்கலாம். சக்தியின் வடிவமைப்புக் கோப்பை அதில் ஏற்றினால், அச்சில்லு சக்தி செயலியாகவே நடந்துகொள்ளும்.

துவங்கும் படிகள்

முதல் படி, செயலியின் உள்ளேயே பொதிந்திருக்கும் துவக்க நினைவகம். இது படிக்க மட்டுமே கூடியது. செயலி இங்கிருந்தே முதல் கட்டளையை எடுக்கிறது.

சிறிய நிரலாக இருந்தால், அது பலகையின் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து முதன்மை நினைவகத்துக்குப் படியெடுக்கப்பட்டு அங்கிருந்து இயங்கும். சக்தியின் 'இ' வகைச் செயலிகளுக்கு இதுவே போதும். அவற்றில் லினக்ஸ் இயங்காது. ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற சிறு இயக்க முறைமைகள் இயங்கும்.

64 பிட் கொண்ட 'சி' வகைச் செயலியில் லினக்ஸ் இயங்க, இடையில் இன்னொரு படி தேவை. பெர்க்லி துவக்க ஏற்றி அல்லது ஓப்பன்எஸ்பிஐ என்னும் நிரல் செயலியின் உச்ச அதிகார நிலையில் இயங்கி, லினக்ஸின் கருவை அதற்குக் கீழான நிலையில் தொடங்கி வைக்கிறது. அப்போது இரண்டு செய்திகளைக் கருவிடம் கையளிக்கிறது: எந்தச் செயலி உள்ளகம் இயங்குகிறது என்னும் எண், பலகையில் என்னென்ன வன்பொருள்கள் எந்த முகவரியில் உள்ளன என்னும் பட்டியல் இருக்கும் இடம். இப்பட்டியலுக்குச் சாதன மரம் என்று பெயர்.

பெரிய அமைப்புகளில் இவற்றோடு யு-பூட் என்னும் துவக்க ஏற்றியும் சேர்க்கப்படுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் வொல்ஃப்காங் டெங்க் தொடங்கிய இந்த நிரல், 2002 முதல் இப்பெயரால் அறியப்படுகிறது. வலைப்பின்னல் வழியாகவோ நினைவக அட்டையிலிருந்தோ கருவை ஏற்ற இதனால் முடியும்.

நிறுவும் முறை

ஆர்ட்டி பலகையில் மின்சாரம், கோப்பு ஏற்றுதல், திரைச்செய்தி ஆகிய மூன்றுக்கும் ஒரே யுஎஸ்பி கம்பி போதும். முதலில் செயலியின் வடிவமைப்புக் கோப்பை ஃபிளாஷில் எழுத வேண்டும். பலகையில் உள்ள இணைப்பு ஊசி, ஃபிளாஷிலிருந்து துவங்கும் நிலையில் இருக்க வேண்டும். பின்னர் கணினியில் தொடர்முனைய நிரலைத் திறந்து, மீட்டமைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். சக்தியின் சின்னம் எழுத்துகளால் வரையப்பட்டுத் திரையில் தோன்றினால் துவக்க நினைவகம் சரியாக இயங்குகிறது என்று பொருள்.

அடுத்து, பயனரின் நிரலை முதலில் பிழைதிருத்தி வழியாக நேரடியாக நினைவகத்தில் ஏற்றிச் சோதிப்பது நல்லது. இம்முறையில் ஃபிளாஷ் தொடப்படுவதில்லை. தவறு நேர்ந்தால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். நிரல் சரியாக இயங்கிய பிறகே அதை ஃபிளாஷில் நிலையாக எழுத வேண்டும்.

அமைவுகளும் வழக்கமான பிழைகளும்

தொடர்முனையத்தின் வேகம் பொருந்தாவிட்டால், திரையில் பொருளற்ற குறிகள் தோன்றும். சக்தியின் ஆர்ட்டி வடிவங்களுக்கு இது நொடிக்கு 19200 ஆக வைக்கப்படுகிறது.

செயலியின் வடிவமைப்பும் பயனரின் நிரலும் ஆர்ட்டி பலகையின் ஒரே 16 எம்பி ஃபிளாஷில் அமர்கின்றன. நிரலைத் தவறான முகவரியில் எழுதினால் வடிவமைப்பே அழிந்துபோகும். மறுமுறை மின்சாரம் தரும்போது சக்தி செயலி அங்கே இருக்காது. ஆனால் யுஎஸ்பி வழியாக வடிவமைப்பை மீண்டும் எழுதிப் பலகையை மீட்கலாம். வணிகப் பலகைகள் பலவற்றில் இந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

சாதன மரத்தில் நினைவக அளவு தவறாக இருந்தால் கரு பாதியில் நிற்கும். மூலக் கோப்பமைப்பு எந்தப் பகுதியில் உள்ளது என்பதைப் பிழையாகக் கொடுத்தால், கரு முழுவதும் ஏறியபின் தொடர வழியின்றி நின்றுவிடும். எந்தப் படியின் செய்தி கடைசியாகத் திரையில் வந்தது என்று பார்த்தாலே, பிழை எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பாதுகாப்பு

முதலில் இயங்கும் நிரலை யார் மாற்ற முடிகிறதோ, அவர் அதற்குப் பின் வரும் அனைத்தையும் மாற்ற முடியும். எனவே, ஒவ்வொரு படியும் அடுத்த படியின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதை இயக்கும் பாதுகாப்பான துவக்க முறை பயன்படுத்தப்படுகிறது. இதிலும் கவனம் தேவை. மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள கிரப் என்னும் துவக்க ஏற்றியில் 2020 இல் 'பூட்ஹோல்' என்ற குறைபாடு கண்டறியப்பட்டது. நிரல் கையொப்பத்தால் காக்கப்பட்டிருந்தது. ஆனால் அது படிக்கும் அமைவுக் கோப்புக்கு அக்காப்பு இல்லை. அக்கோப்பை மாற்றியே காப்பு முழுவதையும் தாண்ட முடிந்தது.

திறந்தநிலையும் அதன் எல்லையும்

பெரும்பாலான வணிகச் சில்லுகளில் துவக்க நினைவகத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாங்குபவர் பார்க்க இயலாது. சக்தியில் செயலியின் வடிவமைப்பும் முதல் கட்டளை முதலான துவக்க நிரலும் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு கல்லூரி மாணவர் அவற்றை வரிவரியாகப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றத்தின் விளைவைப் பலகையிலேயே காணலாம். எனினும் ஆர்ட்டி பலகையின் எஃப்பிஜிஏ சில்லும், வடிவமைப்பை அதற்கேற்ற கோப்பாக மாற்றும் மென்பொருளும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரியவை; அவை திறந்தவை அல்ல. சக்தி உண்மையான சில்லாக அச்சாகும்போது இச்சார்பு குறைகிறது. அப்போது துவக்க நினைவகத்தில் உள்ள பிழையைத் திருத்தும் வாய்ப்பும் குறைகிறது. எஃப்பிஜிஏ பலகையில் முழுமையாகச் சோதித்துப் பார்ப்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.