விடப்போகும் மீனுக்கு ஏன் தடித்த நரம்பு?

பீடோங் பக்கத்துக் குளங்களில் திலாப்பியாவைப் பிடித்துத் திருப்பி விடுகிறவர்கள் மெல்லிய தூண்டில் நரம்பைத் தவிர்ப்பது நல்லது. ஏன்? அறுந்துவிடுமோ என்று பயந்து நெடுநேரம் அலைக்கழித்துத்தான் இழுப்போம். அதற்குள் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து அது துவண்டுவிடும். 20 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். நம் ஊர் 30 பாகை நீரில் ஏழரைதான். களைத்த மீன் எப்படித் தேறும்? வெளிக்காற்றையும் சுவாசிக்கும் விரால் சமாளிக்கும், திலாப்பியா பாவம்.

நரம்பு தடிப்பாக இருந்தால் மீன் சீக்கிரம் கரை சேரும். தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். வாயைக் கிழிக்காமல் முள் ஒரே திருகில் கழன்றுவரும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை மேல்தோலின் வழுவழுப்பை உரித்துவிடும். பூஞ்சை பிடிப்பது அந்த இடத்தில்தான்.