கத்தி இல்லாமல் கொழுப்பு கரையுமா?

சிவாஜி நகர் பஸ் நிலையத்தில் இறங்கினால் கையில் திணிக்கப்படும் துண்டு நோட்டீசுகளை யாரும் படிப்பதில்லை. அல்சூரில் குடியிருக்கும் என் நண்பர் ஒன்றைப் படித்துவிட்டார். படித்ததை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கும் வந்துவிட்டார்.

"கத்தி இல்லை, தையல் இல்லை, ஆஸ்பத்திரிப் படுக்கை இல்லை. ஊசியாலேயே ஊளைச் சதை கரையும்" என்றது நோட்டீசு.

நண்பர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். மகளுக்கு 26 வயது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "பெண் லட்சணம்தான், கழுத்துதான் கொஞ்சம் பருமன்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து அந்தப் பெண் துப்பட்டாவைக் கழுத்தை விட்டு எடுப்பதில்லை. நோட்டீசில் கண்ட இடத்துக்குப் போய் விசாரித்தும் ஆகிவிட்டது. நாலு தடவை ஊசி, மொத்தம் ஒரு லட்ச ரூபாய். அதற்காகச் சீட்டு எடுத்திருக்கிறார். "போடலாமா அண்ணே?" என்று கேட்டார்.

ஒரு காலத்தில் இரட்டை நாடிச் சரீரம் என்று மரியாதையோடு சொன்னார்கள். வசதியான வீட்டு அடையாளம் அது. இன்று அதே நாடியைக் கரைக்க ஒரு லட்சம்! காலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நண்பரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல நோட்டீசை மடித்து வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

பெயர் ஒன்றுக்கு, வேலை இன்னொன்றுக்கு

கொழுப்பைக் குழாய் செருகி உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை 1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் வளர்ந்தது. பிரெஞ்சு டாக்டர் இல்லூஸ் 1977-இல் முனை மழுங்கிய குழாயைக் கையாண்ட பிறகு அது உலகமெங்கும் பரவியது. ஆனால் அறுவை அறுவைதான். 2022 மே மாதம் நம் பெங்களூரிலேயே, கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனைக்குப் போன 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை உயிருடன் வீடு திரும்பவில்லை. அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு "கத்தி இல்லை" என்ற வார்த்தை தேனாக இனிக்கும். வியாபாரிகளுக்கும் அது தெரியும்.

ஊசியின் கதை பிரேசிலில் சூடு பிடித்தது. ரத்தக் கொழுப்புக்காகச் சோயாவிலிருந்து செய்யப்பட்ட ஒரு மருந்தை, கண்ணுக்குக் கீழே தொங்கும் கொழுப்புப் பையில் செலுத்திப் பார்த்துக் குறைகிறது என்று 2001-இல் எழுதினார் பத்ரிசியா ரிட்டெஸ் என்ற தோல் டாக்டர். அவ்வளவுதான்! அழகு நிலையங்கள் தொடை, வயிறு, இடுப்பு என்று கண்ட இடமெல்லாம் குத்தத் தொடங்கின. அழகுக்காக அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரேசில் அரசே தடை போட வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோயாச் சத்துத்தான் கொழுப்பைக் கரைக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் ஆராய்ந்தவர்கள் 2004-இல் வேறு விஷயம் சொன்னார்கள். அந்தச் சத்து திரியாமல் கரைந்திருப்பதற்காக மட்டும் கலந்திருந்த டியாக்சிகோலிக் அமில உப்புதான் முக்கியமாக வேலை செய்கிறதாம். மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளைத் தோழன் தாலி கட்டிய கதை!

இந்த அமிலம் அந்நியப் பொருள் அல்ல. நாம் தின்னும் நெய்யும் எண்ணெயும் செரிக்க உதவும் பித்த நீரில் இருப்பது. எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியில் சோப்புத் தூள் எப்படி வேலை செய்கிறதோ, அப்படித்தான் குடலில் இதன் வேலை. மருந்துக்காக இதைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். ஊசி மூலம் தோலுக்கடியில் செலுத்தினால் கொழுப்பு அணுக்களின் சுவரை உடைத்துவிடுகிறது. உடைந்து சிதறியதை உடம்பு மெல்ல மெல்ல அப்புறப்படுத்துகிறது. செத்த அணு திரும்பி வராது. ஆனால் மிச்சமிருக்கும் அணுக்கள் பெருக்கத் தடையில்லை. எடை கூடினால் நாடியும் கூடும்.

நாடிக்கு மட்டும் அனுமதி

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015 ஏப்ரலில் இந்த அமிலத்தைக் 'கைபெல்லா' என்ற பெயரில் அனுமதித்தது. எதற்கு? நாடிக்குக் கீழே உள்ள கொழுப்புக்கு மட்டும். வயிற்றுக்கு அல்ல, தொடைக்கு அல்ல, புஜத்துக்கும் அல்ல. நோட்டீசுகளில் காணாமல் போகும் வரி இதுதான்.

ஒரு ஊசியோடு முடிகிற காரியமா என்றால், அதுவும் இல்லை. நாடிக்கடியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒரே அமர்வில் 50 இடம் வரை குத்தலாம். ஒரு மாத இடைவெளி விட்டு ஆறு அமர்வு வரை போகலாம். அனுமதிக்கு முன் 1,022 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பார்த்ததில், மருந்து போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 68 பேருக்கு ஒரு படியாவது குறைந்திருந்தது. வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் நூற்றுக்கு 20 பேருக்குக் குறைந்ததாகக் கணக்கில் வந்தது! மனம் செய்யும் மாயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு படி குறைந்தவர்கள் மருந்துக் கூட்டத்திலேயே நூற்றுக்கு 16 பேர் அளவில்தான்.

வலி? சோதனையில் நூற்றுக்கு 87 பேருக்கு வீக்கம், 72 பேருக்குக் கன்றிப்போனது, 66 பேருக்கு மரத்துப்போனது. பெரும்பாலும் ஆறிவிடக் கூடியவை. ஆனால் தாடையோரம் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டு, சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணியவர்கள் நூற்றுக்கு நாலு பேர். சிலருக்குச் சில நாளில் சரியானது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுத்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஊசி போட நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கட்டும். ஊசி ஆழம் தப்பித் தோலிலேயே இறங்கினால் தோல் புண்ணாகி அழுகவும் கூடும்.

இத்தனையும் தேர்ந்த டாக்டர், தரம் தெரிந்த மருந்து என்ற நிலையில். அனுமதியில்லாத மருந்தை, உடற்கூறு படிக்காத கை போட்டால்?

அமெரிக்காவிலேயே 2010-இல் பொய் விளம்பரம் செய்த ஆறு நிலையங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. 2023 கடைசியிலும் அதே துறை எச்சரித்தது. அங்கீகாரமில்லாத கொழுப்புக் கரைப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஆறாத தழும்பும், கடுமையான சீழ்த் தொற்றும், தோலுக்கடியில் வலிக்கும் கட்டிகளும் வந்திருக்கின்றன. இணையத்தில் வாங்கித் தாங்களே குத்திக்கொண்டவர்களும் அதில் உண்டு. நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறி வாரியம் 2022-இல், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்ததை வைத்து யாரும் அழகுச் சிகிச்சையில் இறங்கக் கூடாது என்று கூறியது. பார்த்துக் கற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தானே அப்படிச் சொல்ல நேர்ந்தது?

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி என்று இரண்டு ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. அவையும் பேச்சு வழக்கில் "கொழுப்பு ஊசி"தான். ஆனால் அவை வேறு ரகம். பசியை அடக்கி மொத்த எடையைக் குறைப்பவை. வாரம் ஒரு முறை. டாக்டரின் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதவை. ஒன்றின் புகழை வைத்து மற்றதை விற்கிறார்கள்.

நண்பரிடம் கேட்கச் சொன்னவை

ஊசி போடப் போகிறவர் எந்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர், எண் என்ன? கர்நாடகத் தனியார் மருத்துவ நிலையச் சட்டப்படியான பதிவுச் சான்று சுவரில் தொங்குகிறதா? மருந்துக் குப்பியை நம் கண் எதிரில் திறப்பார்களா, பெயரும் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் படிக்கும்படி இருக்கின்றனவா? பணத்துக்கு மருந்தின் பெயரோடு ரசீது உண்டா? அழகுக்காகச் செய்வதற்கு மருத்துவக் காப்பீட்டில் பைசா வராது என்பதையும் சொல்லி வைத்தேன். சிகிச்சை கோணலாகிப் போனால் அடுத்த சீட்டையும் எடுக்க வேண்டியிருக்கும்.

நண்பர் போய்க் கேட்டார். குப்பியைக் காட்டச் சொன்னதும், "அதெல்லாம் கம்பெனி ரகசியம் சார்" என்று பதில் வந்ததாம். எழுந்து வந்துவிட்டார்.

மகள் சமாதானமாகவில்லை. நியாயந்தானே? ஊரார் வாயை நாம் மூட முடியாது. எனவே அரசு மருத்துவமனை ஒன்றுக்கு இருவரும் போனார்கள். வெளி நோயாளிகள் வரிசையில் இரண்டு மணி நேரம். அங்கிருந்த அம்மா டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "குடிம்மா" என்றார். விழுங்கும்போது கழுத்துப் பருமனும் சேர்ந்து மேலே ஏறி இறங்கியது.

"இது கொழுப்பு இல்லை, தைராய்டு. யாராவது ஊசி கீசி போட்டார்களா?" என்று கேட்டாராம்.

இல்லை என்று தலையாட்டியிருக்கிறார் நண்பர். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து, இப்போது அந்தப் பெண் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டுப் பணம் பாங்கில் கிடக்கிறது.