கெட்டில் சொல்லும் சேதி

தகவல் தொடர்புக் கருவி என்றதும் நம் நினைவுக்கு வருபவை தொலைபேசியும் கணினியும்தான். அன்றாடம் அடுப்படியில் புழங்கும் ஒரு பொருளும் செய்தி சொல்லும் கருவியாக மாற முடியுமா? முடியும் என்று காட்டியது ஜப்பான் நாட்டின் மின்சாரக் கெட்டில் ஒன்று. அது பிறந்த கதை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

1996ஆம் ஆண்டு டோக்கியோ மாநகரின் இக்கெபுகுரோ பகுதியில், நோயுற்ற மகனும் வயது முதிர்ந்த தாயும் தங்கள் வீட்டிலேயே இறந்துபோனார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின்னரே அது வெளியே தெரிந்தது. சுற்றிலும் எத்தனையோ வீடுகள் இருந்தும், கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. இப்படி யாரும் அறியாமல் தனிமையில் இறப்பதைக் குறிக்க, 'கொதொகுஷி' என்ற தனிச் சொல்லே ஜப்பானிய மொழியில் வழங்குகிறது.

இந்நிகழ்வால் மனம் வருந்திய மருத்துவர் ஒருவர், அன்றாடப் பொருள்களைக் கொண்டே முதியோரின் நலம் அறிய வழி உண்டா என்று தேடினார். கெட்டில் தயாரிக்கும் ஸோஜிருஷி நிறுவனம் அம்முயற்சியில் இணைந்தது. ஜப்பானியர் காலை முதல் இரவு வரை பலமுறை தேநீர் அருந்துபவர்கள். அதற்கான வெந்நீரை நாள் முழுவதும் சூடாக வைத்திருக்கும் கெட்டில் பல வீடுகளில் உண்டு. எனவே கெட்டிலில் இருந்து வெந்நீர் எடுக்கப்படுகிறது என்றால், அந்த வீட்டில் வாழ்க்கை வழக்கம்போல் நடக்கிறது என்று பொருள்.

2001ஆம் ஆண்டு இச்சேவை தொடங்கியது. கெட்டிலுக்குள் கம்பியில்லாத் தொடர்புக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. வெந்நீர் எடுக்கும்போதெல்லாம் அது அத்தகவலை அனுப்பும். தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் இருமுறை மின்னஞ்சல் போய்ச் சேரும். முதியவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. வழக்கம்போல் தேநீர் தயாரித்தால் போதும். வீட்டுக்குள் அவரைப் படம் பிடிக்கும் கேமராவும் கிடையாது. அவருடைய மதிப்பும் தனிமையும் காக்கப்படுகின்றன.

ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. வெந்நீர் எடுக்கப்பட்டதைக் கெட்டில் சொல்லும். எடுத்தவருக்கு மூட்டு வலிக்கிறதா, இரவு உறக்கம் வந்ததா, பேச ஆளின்றி மனம் வாடுகிறதா என்பதை அது சொல்லாது. கெட்டில் பயன்படுத்தப்படவில்லை என்று செய்தி வந்தும் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால், அந்தச் செய்தியால் என்ன பயன்? மின்னஞ்சல் வந்துவிட்டதே என்று, பேச வேண்டிய பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடும் ஆபத்தும் உண்டு.

நம் ஊர்களிலும் பிள்ளைகள் வேலை தேடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் பல. காலையில் வாசல் தெளிக்கப்படாமல் கிடந்தால், "என்ன பாட்டி, உடம்பு சரியில்லையா?" என்று எட்டிப் பார்க்கும் அயலார் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கருவி எதுவும் இல்லாமலேயே வாசல் சேதி சொல்கிறது. அதைக் கவனிக்க ஒரு மனம் வேண்டும், அவ்வளவுதான்.

நம் தெருவில் தனியாக வாழும் முதியவர் யார்? அவர் வீட்டுக் கதவு இன்று திறந்ததா? சற்று நின்று, எட்டிப் பார்த்துச் செல்வோம்.