வீட்டுக் கோழிக்கூடு

வீட்டுக் கோழிக்கூடு என்பது, கொல்லைப்புறத்தில் வளர்க்கப்படும் கோழிகள் இரவில் அடைவதற்கும் முட்டையிடுவதற்கும் அடைகாப்பதற்கும் வீட்டாரே அமைத்துக்கொள்ளும் சிறு அமைப்பு ஆகும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரும்பாலும் 5 முதல் 20 வரையான நாட்டுக்கோழிகளுக்காக இவை அமைக்கப்படுகின்றன. இக்கோழிகள் பகல் முழுவதும் வெளியில் மேய்கின்றன. எனவே வணிகப் பண்ணையின் கொட்டகையைப் போன்று இது கோழிகளின் முழுநேர வசிப்பிடம் அன்று. இதன் முதன்மையான பணி இரவுக் காவல் ஆகும். கொன்றுண்ணிகள் நுழையாதவாறு கூடு அடைபட்டிருக்க வேண்டும். அதேவேளை காற்று தடையின்றிச் செல்லத் திறந்தும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்வதே கூடு அமைப்பதில் உள்ள அடிப்படைச் சிக்கலாகும்.

பெயர்களும் மரபு அமைப்புகளும்

கோழிகளை அடைக்கும் கூடு குடாப்பு எனவும் வழங்கப்படுகின்றது. பஞ்சாரம் என்பது மூங்கில் முதலியவற்றால் பின்னப்பட்டு, கவிழ்த்து வைக்கப்படும் பெரிய கூடை ஆகும். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பருந்து, காகம் ஆகியவற்றிடமிருந்து காக்க இது பயன்படுகின்றது. பஞ்சாரம் எடை குறைந்ததாகையால் வேண்டிய இடத்திற்கு நகர்த்தலாம். ஆயினும் நாய் அதனை எளிதில் புரட்டிவிடும் என்பதால், இரவில் வெளியில் வைப்பதற்கு அது ஏற்றதன்று.

தேவை

கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி இரவில் மரக்கிளைகளில் தங்கும் பறவையாகும். வீட்டுக்கோழியும் பொழுது சாயும்போது உயரமான இடத்தைத் தேடுகின்றது. இருளில் அதன் பார்வை மிகவும் மங்கிவிடுவதால், தாக்கவரும் விலங்கிடமிருந்து அதனால் தப்ப இயலுவதில்லை. மரநாய், கீரி போன்றவை கூட்டினுள் புகுந்தால் தம் பசிக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகக் கொல்வதும் உண்டு. நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தொடங்கச் சுமார் 6 மாதங்கள் ஆகின்றன. ஓர் இரவில் கோழிகள் அனைத்தையும் இழக்கும் குடும்பம் முட்டையையும் கைச்செலவுக்கான வருவாயையும் மீண்டும் பெற அரை ஆண்டுக்கு மேல் காத்திருக்க நேரிடும்.

இடம்

மழைநீர் தேங்காத மேட்டு நிலம் கூடு அமைக்க ஏற்றது. மரநிழல் கோடையில் உதவும். ஆனால் கூரையைத் தொடும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். மரநாயும் பாம்பும் கிளைவழியே கூரைக்கு இறங்கக்கூடும். கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால், காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களின் மீதே விழும். கிணற்றிலிருந்தும் சமையற்கட்டிலிருந்தும் கூடு விலகியிருத்தல் நன்று. எனினும் இரவில் கோழிகள் அலறினால் வீட்டாருக்குக் கேட்கும் தொலைவிற்குள் அது இருக்க வேண்டும்.

அளவு

பகலில் வெளியே மேயும் கோழி ஒன்றுக்கு 1.5 முதல் 2 சதுர அடி இடம் போதுமானது. பகலிலும் அடைத்து வளர்ப்பதாயின் இதைவிடப் பன்மடங்கு இடம் தேவைப்படும். 10 கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட கூடு பொருந்தும். முன்பக்கச் சுவர் 4 அடியும் பின்பக்கச் சுவர் 3.5 அடியுமாக அமைந்தால் மழைநீர் பின்புறமாக வடிந்துவிடும். அளவுக்கு மீறி அடைத்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன. எச்சத்தின் ஈரமும் மிகுகின்றது.

தரை

தரை இருவகையாக அமைக்கப்படுகின்றது.

உயர்த்திய தரை: நான்கு அல்லது ஆறு கால்களின் மீது நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் கூடு அமைகின்றது. கால்களுக்குப் பனஞ்சட்டம், கல்தூண் முதலியன பயன்படும். தரையில் மூங்கில் பிளாச்சுகள் முக்கால் அங்குல இடைவெளி விட்டுப் பரப்பப்படுகின்றன. எச்சம் இடுக்குகளின் வழியே கீழே விழுந்துவிடுவதால் கூடு உலர்ந்திருக்கும். இடைவெளி இதனினும் அகன்றால் கோழியின் கால் சிக்கிக்கொள்ளும். இளங்குஞ்சுகளுக்கு இத்தரை ஏற்றதன்று. அவற்றை அடித்தளம் மூடிய தனிப்பெட்டியில் வைக்க வேண்டும்.

ஆழ்கூளத் தரை: மண் அல்லது சிமெண்டுத் தரையின் மீது நெல் உமி, மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றுள் ஒன்று 4 முதல் 6 அங்குல உயரத்திற்குப் பரப்பப்படுகின்றது. வாரம் இருமுறையேனும் கூளத்தைக் கிளறிவிட வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் கட்டியாகும் கூளம் ஈரம் மிகுந்தது. அதனை நீக்கிவிட்டுப் புதிய கூளம் இடுதல் வேண்டும்.

சுவரும் காற்றோட்டமும்

கூட்டை முழுவதுமாகப் பலகையால் அடைப்பது பரவலாகக் காணப்படும் பிழையாகும். எச்சம் சிதைவதால் அமோனியா வளி உண்டாகின்றது. அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்து, மூச்சு நோய்களுக்கு இடமளிக்கின்றது. மேலும் கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பநிலை இயல்பாகவே சுமார் 41 பாகை செல்சியசு ஆகும். வாயைத் திறந்து இரைப்பதன் மூலமும், கொண்டை, தாடி ஆகிய பகுதிகளின் வழியாகவும் அது வெப்பத்தை வெளியேற்றுகின்றது. காற்றோட்டமில்லாத கூட்டில் கோடை இரவுகளில் இதற்கு வழியில்லாமல் போகின்றது.

ஆகவே சுவரின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பலகை, செங்கல் அல்லது நெருக்கமான மூங்கில் தட்டியால் அடைக்கப்படுகின்றது. எஞ்சிய மேற்பகுதிக்குக் கம்பிவலை பொருத்தப்படுகின்றது. வெப்பக்காற்று மேலே எழுவதால், கூரைக்குச் சற்றுக் கீழே இரு பக்கங்களிலும் வலையிட்ட திறப்புகள் இருத்தல் இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் சாரல் அடிக்கும் பக்கங்களில் சாக்குப் படுதா தொங்கவிடலாம். மழை விட்டதும் அதனைச் சுருட்டிவிட வேண்டும். காலையில் கதவைத் திறந்து, கோழி அமரும் உயரத்தில் முகர்ந்து பார்க்கும்போது மூக்கில் நெடி உறைத்தால், காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம்.

கூரை

தென்னங்கீற்றும் பனையோலையும் குளிர்ச்சி தருவன, மலிவானவை. ஆனால் அவற்றுள் எலியும் பூச்சிகளும் தங்கும். கீற்று விரைவில் மக்குவதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். ஓட்டுக்கூரை நெடுங்காலம் உழைக்கும். தகரம் நீடித்து உழைத்தாலும் வெயிலில் கடுமையாகச் சூடேறுவதால், அதன் மீது கீற்று வேய்வதோ வெள்ளையடிப்பதோ வழக்கம். எவ்வகையாயினும் கூரையின் இறவாரம் சுவருக்கு வெளியே 2 அடியேனும் நீண்டிருக்க வேண்டும்.

அமர்கழியும் முட்டைப்பெட்டியும்

கோழி ஒன்றுக்கு 20 செ.மீ. என்னும் கணக்கில் அமர்கழி தேவை. 10 கோழிகளுக்கு 4 அடி நீளமுள்ள இரண்டு கழிகள் போதும். கழி 4 முதல் 5 செ.மீ. தடிமனுடன், கூரிய விளிம்பு இல்லாததாக இருக்க வேண்டும். இரு கழிகளையும் ஒரே உயரத்தில் பொருத்துவது நல்லது. ஒன்று உயர்ந்திருந்தால் அதற்காகக் கோழிகள் சண்டையிடும்.

நான்கு அல்லது ஐந்து பெட்டைக்கோழிகளுக்கு ஒரு முட்டைப்பெட்டி என்பது பொதுவான அளவு. பெட்டி நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றிலும் 30 செ.மீ. கொண்டிருக்கலாம். அது அமர்கழியைவிடத் தாழ்வாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் கோழிகள் இரவில் பெட்டியிலேயே உறங்கி அதனை அசுத்தமாக்கும். பெட்டியில் வைக்கோல் பரப்பி, வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தால் கோழி அதனை விரும்பி நாடும். அடைகாத்தல் 21 நாட்கள் நீடிக்கும். குஞ்சு பொரிக்கும் நாட்களில் எறும்புகள் மொய்த்துக் குஞ்சுகளைக் கொல்லக்கூடும் என்பதால், அடைப்பெட்டியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்துவர்.

கொன்றுண்ணிகளைத் தடுத்தல்

அறுகோணக் கண்களுடைய மெல்லிய கோழிவலை கோழி வெளியேறாமல் தடுப்பதற்கு உரியது. நாய் அதனைக் கிழித்துவிடும். பாம்பு அதன் கண்களின் வழியே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்களைக் கொண்ட, வெல்டு மெஷ் எனப்படும் பற்றவைத்த கம்பிவலையே பாதுகாப்பானது. வலையைச் சட்டத்தின் உட்புறம் நெருக்கமாக ஆணியடித்து, விளிம்பின் மீது மரப்பட்டையும் அறைந்தால் விலங்குகள் அதனைப் பெயர்க்க இயலாது.

நிலத்தோடு அமைந்த கூட்டில், கீரியும் பெருச்சாளியும் அடியில் குழி தோண்டி நுழைவதைத் தடுக்க வலையை 1 அடி ஆழத்திற்குப் புதைக்க வேண்டும். உயர்த்திய கூட்டின் கால்களில் கவிழ்த்த புனல் வடிவில் தகரம் பொருத்தினால் எலிகள் ஏறமாட்டா. கதவிற்குத் தாழ்ப்பாளும் கொண்டியும் ஒருங்கே இடப்படுகின்றன. முட்டைகளைப் பொழுது சாயுமுன் எடுத்துவிடுவதும், சிந்திய தீவனத்தைக் கூட்டிவிடுவதும் எலியையும், அதனைத் தேடிவரும் பாம்பையும் குறைக்கும். இவை எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், மாலையில் கோழிகளை எண்ணிக் கதவை அடைக்கும் வழக்கம் தவறினால் கூட்டினால் பயன் இல்லை.

துப்புரவும் நோய்த்தடுப்பும்

கோழி உண்ணி, செள் ஆகியவை பகலில் மரவெடிப்புகளிலும் கழியின் முனைகளிலும் ஒளிந்திருந்து இரவில் குருதியை உறிஞ்சுகின்றன. கழிகளைக் கழற்றும் வகையில் பொருத்தினால், அவற்றை எடுத்து வெயிலில் காயவைத்து வேப்பெண்ணெய் தடவ எளிதாகும். சுவர் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடிப்பதும் பயன் தரும்.

கொல்லைப்புறக் கோழிகளைப் பெருமளவில் அழிப்பது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயாகும். 1926-ஆம் ஆண்டு சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்ட இத்தீநுண்ம நோய், இந்தியாவில் இராணிக்கெட் என்னும் மலைநகரின் பெயரைப் பெற்றது. இதனைத் தடுப்பூசியால் தடுக்க இயலும். சந்தையிலிருந்து வாங்கிவரும் கோழியை 2 முதல் 3 வாரங்கள் தனியே வைத்திருந்த பின்னரே கூட்டில் சேர்க்க வேண்டும்.

கூட்டிலிருந்து அள்ளப்படும் எச்சம் தழைச்சத்து மிகுந்த எருவாகும். பச்சையாக இட்டால் செடியின் வேர் கருகும். குப்பையோடு சேர்த்து மக்கவைத்த பின்னர் தோட்டப்பயிர்களுக்கு இடப்படுகின்றது.