கூரைக்கான வழக்கு – 7: நாலு பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கு

இங்கிலாந்தில் வீடு இழந்தவர் போய் நிற்கும் இடம், அந்த ஊர் கவுன்சில். அவருக்கு உதவும் கடமையை உள்ளாட்சிகளின் தலையில் வைத்தது 1977-ம் ஆண்டு வீடற்றோர் சட்டம். இன்று நடப்பில் இருப்பது 1996-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் ஏழாம் பகுதி. வந்தவர் உண்மையிலேயே வீடற்றவரா, முன்னுரிமைக்கு உரியவரா, இருந்த வீட்டை வேண்டுமென்றே இழந்தாரா என்றெல்லாம் அதிகாரி விசாரிப்பார். முடிவு பாதகமென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வீட்டுவசதி, உள்ளாட்சி வழக்குகளை எடுக்கும் பாரிஸ்டரின் பிழைப்பில் பெரும்பகுதி இந்தக் கடிதத்தைச் சுற்றித்தான்.

கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் மறுஆய்வு கேட்க வேண்டும். அதிலும் தோற்றால், அடுத்த 21 நாளுக்குள் கவுன்ட்டி நீதிமன்றத்தில் மேல்முறையீடு. கஷ்டத்தைச் சொல்லி அழுவதால் அங்கே பயனில்லை. சட்டப் பிழை இருந்தால்தான் நீதிபதி தலையிடுவார். அதனால் கட்சிக்காரரின் சொலிசிட்டர் அனுப்பிய வழக்குக் கட்டைப் பிரித்ததும் பாரிஸ்டர் பார்ப்பது ஒன்றைத்தான்: அதிகாரி தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி, சட்டம் கேட்கச் சொன்ன கேள்விதானா?

பர்மிங்காம் வழக்கு ஒன்றைப் பார்ப்போம். நாலு பிள்ளைகளின் தாய். அரசு உதவித்தொகைதான் வருமானம். தனியார் வீட்டுக்கு மாத வாடகை 700 பவுண்டு. வாடகைக்கென்று கிடைத்த உதவி 548 பவுண்டு 51 பென்ஸ். மாதாமாதம் துண்டு விழுந்தது 151 பவுண்டு 49 பென்ஸ். பாக்கி ஏறியது, 2011-ல் வீடு போனது. சாப்பாட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் மாதம் 750 பவுண்டு என்று அவர் கணக்குக் கொடுத்திருந்தார். அதில் கொஞ்சம் பிடித்து வாடகை கட்டியிருக்கலாமே என்றது கவுன்சில். வேண்டுமென்றே வீட்டை இழந்தவர் என்று முத்திரை குத்தியது. அந்த முத்திரை விழுந்துவிட்டால் நிரந்தரத் தீர்வுக்கான கடமை கவுன்சிலுக்கு இல்லை.

மறுஆய்விலும் கீழ் நீதிமன்றங்களிலும் தோற்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. 2019 ஜூனில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த முடிவை ரத்து செய்தார்கள். வயிற்றைக் கட்டி அவரால் சமாளித்திருக்க முடியுமா என்பதல்ல கேள்வி. அவருக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமான வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்பதே கேள்வி. அதற்கு அதிகாரியின் சொந்த அபிப்பிராயம் போதாது, பொதுவான அளவுகோல் வேண்டும். உதவித்தொகை என்பது பொதுவாக அடிப்படைத் தேவைக்கு மேல் மிச்சம் பிடிக்கத் தரப்படுவதல்ல என்றும் நீதிமன்றம் சொன்னது. கேள்வி திருத்தப்பட்டதும் விடையும் மாறிவிட்டது.

இப்படி வாதாடும் பாரிஸ்டர் வேறொரு வழக்கில் கவுன்சில் பக்கம் நிற்கவும் கூடும். தன் துறை வழக்கு, நேரமும் உண்டு, உரிய கட்டணமும் உண்டு என்றால், கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்று மறுக்கக் கூடாது என்பது அவர்கள் தொழில் விதி. கவுன்சிலின் சிரமமும் பொய்யில்லை. 1980-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சலுகை விலையில் பெருமளவு விற்கப்பட்டன. ஈடாகப் போதிய வீடுகள் எழும்பவில்லை. ஆனால் வீடு குறைவு என்பதற்காக, கையேந்தி வந்தவர் மேல் பழியைப் போட முடியாது.

வக்கீல் வைக்கக் காசில்லாதவருக்கு இருந்த இலவசச் சட்ட உதவியை 2013-ல் அரசு வெட்டியது. வெளியேற்ற வழக்குக்கு உதவி நீடித்தது. உதவித்தொகைத் தகராறுகளுக்குப் பெரும்பாலும் நின்றது. பாக்கி பிறப்பதே பல நேரம் அந்தத் தகராறில்தான். 2023 முதல், வெளியேற்ற நோட்டீஸ் வந்தவர்களுக்கு உதவித்தொகை பற்றிய இலவசச் சட்ட ஆலோசனை ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. இது போதாது. ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவை உபரி என்று எழுதியது தவறு என நிலைநாட்ட, வீடு போனதிலிருந்து எட்டு ஆண்டுகள் ஆயின. துணைக்கு வக்கீல் இல்லாதவர் அவ்வளவு தூரம் போக முடியாது. உரிமையைச் சட்டத்தில் எழுதிய அரசு, அதைக் கேட்டு வாங்கித் தரும் வக்கீலுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இல்லையேல் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

(தொடரும்)