ஆறு போன இடத்தில் மலை இருக்கிறது

முன்பெல்லாம் முழுப்பரீட்சை லீவு விட்டால், பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று மதுரைக் கோச்சடையில் யாரும் யோசித்ததில்லை. மேலக்கால் சாலையிலிருந்து வடக்கே வரப்பு வழியாக நடந்தால் வைகை வந்துவிடும். சித்திரை, வைகாசியில் ஆற்றில் மேலே தண்ணீர் ஓடாது, மணலுக்கு அடியில் ஓடும். கையால் தோண்டினால் ஊத்து ஊறும். முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டால் அடுத்து வருவது குடிக்கிற தண்ணீர். அம்மாக்கள் துணி அலசி மணலில் காயப்போட, பிள்ளைகள் கிட்டிப்புள் அடிப்பார்கள், குட்டையில் அயிரை துழாவுவார்கள். சாயங்காலம் தூக்குவாளியில் புளிச்சோறு வரும். நிலா ஏறும்வரை குடும்பமே மணலில்தான் கிடக்கும். கைக்காசு செலவென்றால் குச்சி ஐஸ் ஒன்றுதான்.

வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. அது பாசனத்துக்காகக் கட்டியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு திறந்துவிட்டால்தான் ஆறு என்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய அடி, மணலை அள்ளியது. மணல்தான் ஆற்றின் தண்ணீர்த் தொட்டி, அது போனதும் ஊத்தும் போயிற்று. சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் வந்தன, சாக்கடை கலந்தது. இன்று கரையோரம் நல்ல சாலை போட்டிருக்கிறார்கள். வண்டியில் போகிறவர்களுக்கு ஆறு பக்கத்திலேயே தெரியும். அதில் இறங்கி விளையாடப் பிள்ளையை அனுப்பத்தான் எந்தத் தாய்க்கும் மனம் வராது. வயல்கள் இருந்த இடமெல்லாம் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

காசில்லாத விடுமுறை அதோடு முடிந்துவிடவில்லை, பஸ் ஏறிப் போகிற தூரத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவும் மகளும் நினைத்தால் கிளம்பலாம், அப்பாவுக்குத்தான் சீட்டு எடுக்க வேண்டும். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959 ஏப்ரல் 15-ல் நேரு திறந்துவைத்தார், நுழைவுக் கட்டணம் கிடையாது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் பேச்சு நின்றுபோகாத பிள்ளை குறைவு. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, குளிர்ந்த கூடம், எடுத்து வாசிக்க எவ்வளவோ புத்தகங்கள். மே மாத மத்தியான வெயிலுக்கு மதுரையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் கோச்சடைக்காரர்களை நான் முதலில் அனுப்புவது சமணமலைக்குத்தான். விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை தாண்டினால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது இறங்கிய ஆலமரங்கள். விடிந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும், எட்டு மணிக்கு மேல் பாறை சுடும். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஏறத்தாழ 1,100 ஆண்டுக்கு முந்தையவை. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவில் பாறை முகத்தில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார்.

பழைய ஆட்களுக்கு இது ஆடு மேய்க்கிற மலை, அந்தத் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று சொல்லி, செட்டியார் சிலை இருக்கிற மலை, அவ்வளவுதான். 2010-ல் மதுரையின் இன்னொரு மலையான யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். அதை ஒட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியது ‘பசுமை நடை’. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குடும்பம் குடும்பமாக ஒரு மலைக்குப் போவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறை நிழலில் நின்று கல்வெட்டைப் படித்துச் சொல்வார்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் காலத்து ஆற்றுமணலில் இது கிடைத்ததில்லை. இந்த ஒன்றில் இன்றைய பிள்ளை கொடுத்துவைத்த பிள்ளை.

ஆற்றை எல்லாரும் ‘எப்போதும் இருக்கும்’ என்று நம்பியிருந்தோம், அது போயிற்று. மலையைச் சுற்றி ஆட்கள் கூடி நின்றார்கள், அது மிஞ்சியது.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் வைகை இன்னமும் பழைய வைகைதான். கள்ளழகர் ஆற்றில் இறங்க அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்னால் அழகர் இறங்கியது கோச்சடைக்கு மேற்கே தேனூரில்தான் என்பார்கள். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், நீர்மோர்ப் பந்தல்கள், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் எல்லாமே இலவசம். அந்தச் சில நாளுக்குத் திறக்கிற தண்ணீரைக் கோச்சடைப் பிள்ளைகளும் தொட்டு விளையாட இந்தக் கரையில் ஒரு படித்துறை வேண்டும். அதற்கு மேல்பக்கம் ஆற்றில் சாக்கடை கலக்காமல் தடுத்தாக வேண்டும். கோடிக்கணக்கில் சாலை போட முடிந்த கரையில் இதுவும் முடியும்.