'டிரகோனியன்' என்றால் ரொம்ப ஸ்டிரிக்ட்டா?

"வகுப்புல இனிமே கைத்தொலைபேசியைத் தொடவே கூடாதாம். ரொம்ப டிரகோனியன் லா!"

இப்படி யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஸ்டிரிக்ட் என்பதையே கொஞ்சம் ஸ்டைலாகச் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்த சொல். கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸ் நகருக்கு முதன்முதலாகச் சட்டங்களை எழுதிக் கொடுத்தவர் டிராகோ. அதற்கு முன்பு சட்டம் செல்வாக்குள்ள குடும்பங்களின் வாயில்தான் இருந்தது. எழுத்தில் வந்தது நல்லதுதான், தண்டனைகள்தான் பிரச்சினை. பழமோ காய்கறியோ திருடினால்கூட மரண தண்டனை என்று, பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கி.மு. 594இல் சோலன், கொலை பற்றிய சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீக்கினார்.

அந்தக் கொலைச் சட்டத்தைப் பிற்காலத்தில் கல்லில் பொறித்தார்கள். அதன் ஒரு பகுதி இன்றும் ஏதென்ஸில் இருக்கிறது. தெரியாமல் கொலை செய்தவருக்கு அதில் உள்ள தண்டனை மரணம் அல்ல, நாடு கடத்தல். இறந்தவரின் குடும்பம் மன்னிக்கவும் வழி உண்டு. பாவம் டிராகோ, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது!

சரி, எங்கே பயன்படுத்துவது? ஸ்டிரிக்ட் என்பதில் குறை இருக்கவேண்டும் என்றில்லை. "எங்க டீச்சர் ஸ்டிரிக்ட்" என்று பெருமையாகவும் சொல்லலாம். உணவுப் பாதுகாப்பு, தேர்வு விதிமுறை போன்றவற்றுக்கு ஸ்டிரின்ஜென்ட் பொருந்தும். டிரகோனியன் அப்படியில்லை. அதைச் சொன்ன உடனே "இது நியாயமில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள்.

நம் சூயிங்கம் தடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் சிங்கப்பூர் அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. ரயில் கதவுகளில் ஒட்டி வைத்ததும் ஒரு காரணம். தடையை ஆதரிப்பவர் அதை ஸ்டிரிக்ட் என்பார். வெளிநாட்டு ஊடகங்கள் சில டிரகோனியன் என்றன. சட்டம் ஒன்றுதான், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் வேறு. செய்தியில் இந்தச் சொல்லைப் பார்த்தால், அது செய்தியாளரின் சொல்லா, யாரோ சொன்னதா என்று ஒருமுறை பாருங்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கண்டிப்பான சட்டம்' போதாது, 'கடுமையான சட்டம்' என்றாலும் அந்தக் குற்றச்சாட்டு வராது. 'கொடுமையான சட்டம்', 'அளவுமீறிக் கடுமையான சட்டம்' என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பொதுவாக இது சட்டம், விதி, தண்டனை ஆகியவற்றுக்கான சொல். "எங்கம்மா டிரகோனியன்" என்று நண்பர்களிடம் விளையாட்டாகச் சொல்லலாம், கட்டுரையில் வேண்டாம். அம்மாவுக்கு ஸ்டிரிக்ட்டே போதும்.